பாதியும் மூன்று ஆறில் ஒன்றும்: புதிய புல்டாக் இனத்துக்கான இரத்தக் கணக்கு

1971-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள கோட்ஸ்வில் என்னும் ஊரில் டேவிட் லெவிட் என்பவர் புதிய புல்டாக் இனம் ஒன்றை உருவாக்கத் தொடங்கினார். அவர் வகுத்த கலவை இதுதான்: இங்கிலீஷ் புல்டாக் பாதி, புல்மாஸ்டிஃப், அமெரிக்கன் பிட்புல் டெரியர், அமெரிக்கன் புல்டாக் ஆகிய மூன்றும் ஆறில் ஒரு பங்கு வீதம். வழிமுறையை அவர் மாட்டுப் பண்ணையிலிருந்து எடுத்துக்கொண்டார். ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் நேதன் ஃபெக்ஹைமர் கால்நடைகளுக்காக வகுத்த இணைசேர்ப்புத் திட்டம் அது. ஓல்ட் இங்கிலீஷ் புல்டாக் (Olde English Bulldogge) என்ற பெயரில் வளர்ந்த அந்த இனத்தை யுனைடெட் கென்னல் கிளப் என்ற நாய் இனப் பதிவு அமைப்பு 2014-இல் அங்கீகரித்தது.

அந்தப் பின்னங்களை ஒரு குட்டியிடம் கொண்டுவந்துவிடலாம் என்று நானும் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மாலைப்பொழுது முழுவதும் போயிற்று. பாதி வந்தது, கால் வந்தது, பதினாறில் மூன்று வந்தது. ஆறில் ஒன்று மட்டும் வரவே இல்லை. என் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. குட்டி தந்தையிடம் பாதி, தாயிடம் பாதி என்று வாங்குகிறது. அந்தப் பாதியைத் திரும்பத் திரும்பப் பாதியாக்கினால் கீழே 2, 4, 8, 16, 32 என்றுதான் எண் வரும். மூன்றால் வகுபடும் எண் ஒருநாளும் வராது. அதாவது வம்சாவளிக் கணக்கில் சரியாக ஆறில் ஒரு பங்கு புல்மாஸ்டிஃப் உள்ள நாய் ஒன்றுகூட உலகில் பிறக்க முடியாது. ஆறில் ஒன்று என்பது கூட்டத்தின் சராசரி. இரத்த சதவீதம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதற்கு இதைவிட நல்ல தொடக்கப் பாடம் கிடையாது.

முதல் படி: எந்த இனம் எதற்காக?

சதவீதத்தைத் தொடுவதற்கு முன்பு, இருக்கும் இனத்தில் எது கெட்டுப்போயிருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பிரிட்டனில் காளை மீது நாயை ஏவும் விளையாட்டை 1835-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அதற்காகவே வளர்க்கப்பட்ட புல்டாக்கின் வேலை போனது, பிறகு கண்காட்சி மேடை வந்தது. மேடைக்காகத் தலை பெரிதாயிற்று, மூக்கு உள்ளே போயிற்று, இடுப்பு குறுகியது. பிரிட்டனில் இங்கிலீஷ் புல்டாக்கின் ஈற்றுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் சிசேரியன் வழியாகவே நடக்கின்றன என்று 2010-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இடுப்பு மூட்டுப் பதிவேடுகளில் இந்த இனம் எப்போதும் கடைசி இடங்களில் கிடக்கிறது. 2016-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 102 நாய்களின் மரபணுக்களை ஆராய்ந்து, இனத்துக்குள்ளேயே தேர்ந்தெடுத்து இதைச் சீர்படுத்தும் அளவுக்கு மரபணு வேறுபாடு மிச்சமிருக்கிறதா என்று ஐயம் தெரிவித்தார்கள். 2022 ஜனவரியில் ஆஸ்லோ நீதிமன்றம் ஒன்று இந்த இனத்தை வளர்த்தெடுப்பதே நார்வேயின் விலங்கு நலச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. புல்டாக்கைப் பொறுத்தவரை அதே ஆண்டு மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு மாறியது. ஆனால் விவகாரம் நீதிமன்றப் படி ஏறியதே நிலைமையைச் சொல்கிறது.

ஆகவே வெளி இரத்தம் வேண்டும். எந்த வெளி இரத்தம்? ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு வேலையைப் பெயர் சொல்லி ஒதுக்குங்கள். உயரத்துக்கும் எலும்புக்கும் புல்மாஸ்டிஃப். சுறுசுறுப்புக்கும் மூச்சுக்கும் பிட்புல். பண்ணை வேலையில் கெட்டிப்பட்ட உடலுக்கு அமெரிக்கன் புல்டாக். வேலை ஒதுக்க முடியாத இனம் பட்டியலில் இருக்கக் கூடாது. நீலநிறத் தோல் அழகாக இருக்கும் என்பதற்காக நான்காவதாக ஓர் இனத்தைச் சேர்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. புல்மாஸ்டிஃப்பே ஒரு சதவீத நாய்தான். இங்கிலாந்தின் வேட்டைக்காட்டுக் காவலர்கள் மாஸ்டிஃப் 60, புல்டாக் 40 என்ற விகிதத்தில் அதை உருவாக்கினார்கள் என்பது மரபாகச் சொல்லப்படும் கணக்கு. பிட்புல்லின் மூதாதையரிலும் பழைய புல்டாக் இருக்கிறது. லெவிட்டின் கலவையில் 'வெளி' இரத்தம் என்று நாம் எழுதுவதில் கணிசமான பகுதி, மேடைக்குப் போகாமல் தப்பிய பழைய புல்டாக் இரத்தம்.

இரண்டாம் படி: பேரேடு

ஒவ்வொரு நாய்க்கும் ஒரு வரி வீதம் அதன் இனப் பங்குகளை எழுதி வைக்கும் நோட்டுதான் பேரேடு. விதி ஒன்றுதான். குட்டியின் பங்கு, தந்தையின் பங்கையும் தாயின் பங்கையும் கூட்டிப் பாதியாக்கினால் வருவது. பாட்டன் பூட்டன் வரை போய்த் தனித்தனியாகக் கூட்ட வேண்டாம்; எங்கேயாவது ஒருவர் விட்டுப்போவார். பெற்றோர் இருவரின் வரியை மட்டும் பாருங்கள்.

தசமத்தில் எழுதாதீர்கள், 32-இன் பின்னமாக எழுதுங்கள். 15.6 என்று எழுதி அடுத்த தலைமுறையில் 16 என்று திருத்தினால், நாலு தலைமுறையில் பேரேட்டின் கூட்டுத்தொகை நூறைத் தாண்டிவிடும். 5/32 என்று எழுதினால் தப்பு செய்ய இடமில்லை. ஒவ்வொரு வரியையும் கூட்டினால் 32/32 வர வேண்டும்.

சதவீதத்துடன் இந்தப் பத்திகளும் அதே பக்கத்தில் இருக்கட்டும்: பிறந்த தேதி, ஈன்ற விதம், குட்டிகளின் எண்ணிக்கை, பிழைத்தவை, இறந்தவற்றின் காரணம். நடுவில் சேர்க்கும் பத்திகளை யாரும் ஒழுங்காக நிரப்புவதில்லை.

மூன்றாம் படி: ஆறில் ஒன்றை நெருங்குவது

முதலில் எளிய மாட்டுக் கணக்கு. பிராங்கஸ் என்ற அமெரிக்க மாட்டினம் 3/8 பிராமன், 5/8 ஆங்கஸ். பிராமனையும் ஆங்கஸையும் சேர்த்தால் பாதிக்குப் பாதி. அந்தக் கன்றை ஆங்கஸுடன் சேர்த்தால் கால் பிராமன். பாதி உள்ளதையும் கால் உள்ளதையும் சேர்த்தால் 3/8. பிராமன் என்ற அந்த மாடு நம் ஊர் ஓங்கோல், கிர், காங்கிரெஜ் மாடுகளின் வழியில் அமெரிக்காவில் உருவானது. ஜெர்சிக் கலப்புக் கன்றுக்கு எத்தனை சதவீதம் என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இதில் எதுவும் புதிதில்லை.

லெவிட்டின் கலவைக்கு மூன்று கூட்டங்கள் வேண்டும். இங்கிலீஷ் புல்டாக்கைப் புல்மாஸ்டிஃப்புடன் சேர்த்ததை 'மா' என்போம். பிட்புல்லுடன் சேர்த்தது 'பி'. அமெரிக்கன் புல்டாக்குடன் சேர்த்தது 'அ'. இனி வெறும் புல்டாக் என்றால் இங்கிலீஷ் புல்டாக், மாஸ்டிஃப் என்றால் புல்மாஸ்டிஃப், அமெரிக்கன் என்றால் அமெரிக்கன் புல்டாக். மூன்று கூட்டங்களும் சம எண்ணிக்கையில் இருந்தால், முதல் தலைமுறையிலேயே கூட்டத்தின் சராசரி பாதியும் மூன்று ஆறில் ஒன்றும் ஆகிவிடுகிறது. ஆனால் எந்த நாயிடமும் அந்தக் கலவை இல்லை. அதை ஒவ்வொரு நாய்க்குள்ளும் இறக்குவதுதான் அடுத்த நான்கு தலைமுறைகளின் வேலை.

இரண்டாம் தலைமுறை: மா × பி. குட்டிகளில் புல்டாக் பாதி, மாஸ்டிஃப் கால், பிட்புல் கால்.

மூன்றாம் தலைமுறை: அந்தக் குட்டியை 'அ'வுடன் சேர்க்கவும். புல்டாக் பாதி, மாஸ்டிஃப் 1/8, பிட்புல் 1/8, அமெரிக்கன் 1/4. இதே வேலையை வரிசை மாற்றி இன்னும் இரண்டு தனி வழிகளில் செய்யவும்: மா × அ, பிறகு பி, பி × அ, பிறகு மா. ஒவ்வொரு வழியிலும் கடைசியாக வந்த இனம் கால் பங்குடன் தூக்கலாக நிற்கும்.

நான்காம் தலைமுறை: முதல் வழியை இரண்டாம் வழியுடன் சேர்க்கவும். புல்டாக் 8/16, மாஸ்டிஃப் 2/16, பிட்புல் 3/16, அமெரிக்கன் 3/16.

ஐந்தாம் தலைமுறை: மூன்றாம் வழியுடன் சேர்க்கவும். புல்டாக் 16/32, மாஸ்டிஃப் 6/32, பிட்புல் 5/32, அமெரிக்கன் 5/32.

இலக்கு 16.7 சதவீதம், கையில் இருப்பது 18.75, 15.6, 15.6. போதும். இதற்கு மேல் துல்லியம் தேடுவது வீண் வேலை. ஏன் வீண் என்பதற்கு ஏழாம் படி வரை பொறுங்கள். பெட்டை நாயை இரண்டு வயதுக்கு முன்பு ஈன விடாமல் இருந்தால் இந்த ஐந்து தலைமுறைக்குப் பத்தாண்டு ஆகும். இதைப் படித்ததும் பாதிப் பேர் விலகிக்கொள்வார்கள் என்று தெரியும். விலகிக்கொள்வது நல்லதுதான்.

நான்காம் படி: ஒரே சதவீதம், வெவ்வேறு நாய்கள்

இது தவறினால் மற்ற எல்லாம் வீண். மா × பி என்று எழுதினோம். அந்த மா நாய்க்கும் பி நாய்க்கும் ஒரே இங்கிலீஷ் புல்டாக் தந்தையாக இருந்தால் என்ன ஆகும்? பேரேட்டில் எதுவும் மாறாது. புல்டாக் பாதி, மாஸ்டிஃப் கால், பிட்புல் கால். ஆனால் சேர்ந்தவை தந்தைவழிப் பாதி உடன்பிறப்புகள். குட்டிகளின் உள்ளுறவுக் கெழு 12.5 சதவீதம். ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பைச் சொல்வது இந்தக் கெழு. அமெரிக்க மரபியலாளர் ஸிவால் ரைட் 1922-இல் வகுத்தது. முழு உடன்பிறப்புகளைச் சேர்த்தால் 25. ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளைச் சேர்த்தால் 6.25. இரத்த சதவீதப் பத்தியில் இவற்றில் ஒன்றும் தெரியாது.

இன்னும் மோசமான ஒன்று. ஒரு மா, ஒரு பி, ஒரு அ என்று மூன்றே கலப்பு நாய்களை வைத்துக்கொண்டு மேலே சொன்ன திட்டத்தை நடத்தினால், நான்காம் தலைமுறைக் குட்டிகளின் கெழு 5/32, அதாவது 15.6 சதவீதம். பாதி உடன்பிறப்புகளைச் சேர்ப்பதைவிட அதிகம்! நான்கு இனங்களைக் கலந்தோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே இதைச் செய்ய முடியும்.

மூன்று வழிகளுக்கும் தனித்தனியாக மூன்று மா, மூன்று பி, மூன்று அ வேண்டும். ஒன்பது கலப்பு நாய்கள், ஒன்பது வெவ்வேறு ஈற்றுகளிலிருந்து. பின்னால் ஒன்றுக்கொன்று உறவில்லாத பதினெட்டுத் தூய இன நாய்கள். அவற்றில் ஒன்பது இங்கிலீஷ் புல்டாக்குகள். அந்த இனம் எவ்வளவு நெருங்கிப்போயிருக்கிறது என்று முதல் படியில் பார்த்தோம். உறவில்லாத ஒன்பதைத் தேட வெவ்வேறு நாடுகளின் வம்சாவளிச் சான்றுகளைப் புரட்ட வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: கலப்பு வீரியம் எவ்வளவு மிஞ்சும்?

முதல் தலைமுறைக் கலப்பு நாய் திடமாக இருக்கும். அதைக் காட்டி "பார்த்தீர்களா, இனம் அமைந்துவிட்டது" என்று சொல்பவரை நம்ப வேண்டாம். கலப்பு நாய்களை ஒன்றோடொன்று சேர்த்ததும் அந்த வீரியத்தில் ஒரு பகுதி போய்விடும். எவ்வளவு போகும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். ஒவ்வோர் இனத்தின் பங்கையும் அதனாலேயே பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, ஒன்றிலிருந்து கழிக்கவும்.

லெவிட்டின் கலவைக்கு: 1/4 + 1/36 + 1/36 + 1/36 = 1/3. ஒன்றிலிருந்து கழித்தால் 2/3. முதல் தலைமுறைக் கலப்பில் இருந்த கலப்பு வீரியத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிலைத்து நிற்கும். பிராங்கஸ் போன்ற 5/8 - 3/8 கலவையில் 47 சதவீதம்தான் நிற்கும். நான்கு இனம் சமபங்கு என்றால் 75. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கிளே சென்டரில் உள்ள அரசு மாட்டிறைச்சி ஆய்வு மையம் நான்கு இனங்களைக் கால் பங்கு வீதம் சேர்த்துக் கூட்டினம் ஒன்றை உருவாக்கியது இந்தத் தர்க்கத்தின்படிதான். பாதி புல்டாக் என்ற முடிவின் விலை என்ன என்பதும் இதில் தெரிகிறது: 75-க்குப் பதில் 67. புல்டாக்கின் தோற்றத்துக்காக எட்டுப் புள்ளி கொடுக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. புல்டாக் முக்கால் பங்கு, மற்ற மூன்றும் பன்னிரண்டில் ஒன்று என்றால் அது 42-க்கு விழும். அதற்கு இத்தனை பாடுபட வேண்டியதில்லை.

ஆறாம் படி: எத்தனை நாய்கள்?

நான்கை ஆண் நாய்களின் எண்ணிக்கையாலும் பெட்டைகளின் எண்ணிக்கையாலும் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் கூட்டத்தின் 'செயல்படும் அளவு' கிடைக்கும். 2 ஆண், 20 பெட்டை: 160 ÷ 22 = ஏறக்குறைய 7. இருபத்திரண்டு நாய்களுக்குத் தீனி போட்டு ஏழு நாய்களின் பலன். தலைமுறைக்கு ஏழு சதவீத அளவில் உள்ளுறவு ஏறும். உலக உணவு மற்றும் வேளாண் நிறுவனம் கால்நடை இனங்களுக்குக் குறைந்தபட்சமாகக் கருதும் 50 வேண்டுமானால் 20 ஆண், 34 பெட்டை தேவை. தனி ஒருவர் வீட்டுக் கொல்லையில் இனம் படைக்க முடியாது என்பதற்கு இந்த ஒரு வரி போதும். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே பேரேட்டை நடத்த வேண்டும். கண்காட்சியில் பரிசு வாங்கிய ஒரு ஆண் நாயை எல்லோரும் கேட்டு வரிசையில் நிற்பது இங்கே பெரிய ஆபத்து.

ஏழாம் படி: சதவீதத்தை மறந்து மரபணுவைப் பார்ப்பது

புல்டாக்கின் திருகிய குட்டை வாலுக்கு டிவிஎல்-2 என்ற மரபணுவில் உள்ள மாற்றம் காரணம் என்று 2018-இல் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்தார்கள். அந்த மாற்றம் வாலோடு நிற்பதில்லை. முதுகெலும்பையும் தலையின் அமைப்பையும் தொடுகிறது. ஏறக்குறைய எல்லா இங்கிலீஷ் புல்டாக்கிடமும் இதன் இரண்டு பிரதிகளும் இருக்கும். மற்ற மூன்று இனத்து நாய்களிடமும் இது இல்லை என்று வைத்துக்கொண்டால், முதல் தலைமுறை மா, பி, அ எல்லாவற்றிலும் ஒரு பிரதி இருக்கும். மா × பி ஈற்றில் எட்டுக் குட்டிகள் பிறந்தால், சராசரியாக இரண்டுக்கு இரண்டு பிரதி, நான்குக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்றுமே இல்லை.

எட்டுக் குட்டிகளின் பேரேட்டு வரியும் ஒன்றுதான்: புல்டாக் பாதி. எட்டில் இரண்டு முற்றிலும் விடுபட்டவை. அந்த இரண்டிலிருந்து தொடர்ந்தால் 'பாதி புல்டாக்' என்ற எண் அப்படியே இருக்க, அந்தக் குறை மட்டும் இனத்தைவிட்டு வெளியேறும். கண்ணை மூடிக்கொண்டு வளர்த்தால் நூறு தலைமுறை ஆனாலும் நாலில் ஒரு குட்டி இரண்டு பிரதியும் சேர்ந்து திருகுவாலோடு வரும்.

டால்மேஷியன் கதை இதன் மறுபக்கம். அந்த இனம் முழுவதும் யூரிக் அமிலக் கோளாறு இருந்தது. சிறுநீர்க் கல் அதன் தலையெழுத்து. 1973-இல் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் ஒரே ஒரு பாயிண்டர் நாயை இணைத்து, பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷியனுடனேயே சேர்த்துக்கொண்டு போனார். ஒவ்வொரு தலைமுறையிலும் நல்ல மரபணு உள்ள குட்டியை மட்டும் தேர்ந்தார். பாதி, கால், எட்டில் ஒன்று என்று குறைந்து பத்தாம் தலைமுறையில் பாயிண்டர் பங்கு 1/1024. ஒரு சதவீதத்தில் பத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் தேவைப்பட்ட மரபணு அங்கேயே இருந்தது. அமெரிக்கன் கென்னல் கிளப் அந்த வழியை 2011-இல் பதிவேட்டில் ஏற்றுக்கொண்டது. அதே யூரிக் அமில மாற்றம் புல்டாக்குகளிடமும் உண்டு. மரபணுச் சோதனை இருக்கிறது, அதையும் பட்டியலில் சேருங்கள்.

இன்னொன்று. தந்தையிடமிருந்து பாதி என்பது திட்டவட்டம். பாட்டனிடமிருந்து கால் என்பது சராசரி மட்டுமே. நாய்க்கு 39 இணை குரோமோசோம்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் சீட்டு கலைப்பதுபோல அவை கலைகின்றன. ஒரே ஈற்றில் பிறந்த இருவரில் ஒருவர் புல்மாஸ்டிஃப் பாட்டனிடமிருந்து கொஞ்சம் கூடுதலாகவும் மற்றவர் குறைவாகவும் வாங்கியிருப்பார்கள். 15.6-ஐ 16.7 ஆக்க இன்னொரு தலைமுறை செலவழிப்பது ஏன் வீண் என்றேன், காரணம் இதுதான். ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1897-இல் பாசெட் வேட்டை நாய்களின் பதிவேட்டைக் கொண்டு மூதாதையர் பங்கை ஒரு விதியாகவே எழுதினார். மெண்டலின் கண்டுபிடிப்பு வெளிச்சத்துக்கு வந்ததும் அந்த விதி நிற்கவில்லை. நாய் வளர்ப்பாளர்கள் பலர் இன்னும் 1897-இலேயே இருக்கிறார்கள்.

எட்டாம் படி: சல்லடை

இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளில் குட்டிகள் ஆளுக்கொரு விதமாக வரும். ஒன்று தொங்குகன்னத்துடன் கொழுகொழுவென்று, ஒன்று ஒல்லியாக நெட்டையாக. பலர் இங்கேதான் மனம் தளர்ந்து, "புல்டாக் இரத்தம் போதவில்லை" என்று இங்கிலீஷ் புல்டாக்கைத் திரும்பச் சேர்த்துவிடுவார்கள். செய்யாதீர்கள். தேர்ந்தெடுப்பதற்கு வேறுபாடு வேண்டும். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

மூச்சு முதல் சல்லடை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் பிரிட்டனின் கென்னல் கிளப்பும் 2019 முதல் நடத்தும் சோதனை எளியது: நாயின் மூச்சைக் கேட்டு, மூன்று நிமிடம் வேகநடை நடத்தி, மறுபடி கேட்டு 0 முதல் 3 வரை தரம் போடுவது. என் சல்லடையில் 0, 1 மட்டும் இனப்பெருக்கத்துக்கு. இடுப்பு மூட்டு எக்ஸ்ரே அடுத்தது. அமெரிக்கப் பதிவேட்டு முறையில் இறுதித் தரம் இரண்டு வயதில் கிடைக்கும். பிறகு குணம்: அந்நியர் வந்தால், வேறு நாய் எதிர்ப்பட்டால் எப்படி நடந்துகொள்கிறது என்பது. பிட்புல் இரத்தம் கலந்த நாயில் மற்ற நாய்கள் மீதான சீற்றத்தைப் பேரேட்டில் மறைப்பவர் அண்டை வீட்டாருக்கும் துரோகம் செய்கிறார்.

சிசேரியன் இல்லாமல் ஈனாத பெட்டையின் மகளை வைத்துக்கொள்ளலாமா? என் பதில், இரண்டாம் தலைமுறை வரை வைத்துக்கொள்ளலாம், அதற்குப் பிறகு கூடாது. கடுமையாகத் தோன்றும். ஆனால் முதல் படியில் எழுதிய பட்டியலின் முதல் வரியே அதுதானே.

சல்லடையில் நிற்காத குட்டிகள் குப்பை அல்ல. கருத்தடை செய்து நல்ல வீடுகளுக்குக் கொடுக்க வேண்டும். அந்தச் செலவைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைக்க வேண்டும். இந்தியாவில் நாய் இனப்பெருக்கம் செய்து விற்பவர்கள் 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஒன்பதாம் படி: பேரேட்டை மூடுவதும் திறப்பதும்

ஐந்தாம் தலைமுறைக்குப் பிறகு எல்லா நாய்களின் பங்கும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். அப்போது சதவீதப் பத்தியில் தகவல் எதுவும் இராது. உள்ளுறவுக் கெழு, சோதனை முடிவுகள், ஈன்ற விதம் ஆகியவைதான் பேசும். வெளி நாய்க்குக் கதவை அறைந்து சாத்தவும் வேண்டாம். கெழு ஏறும்போது புதிய நாய் ஒன்றை உள்ளே விடும் விதியையும் அன்றே எழுதிவிடுங்கள். அப்போது சதவீதப் பத்தி அந்த ஒரு வழிக்கு மட்டும் மீண்டும் உயிர்பெறும்.

பெயரையும் பேரேட்டோடு கட்டி வையுங்கள். லெவிட்டின் நாய்கள் பெயர் வாங்கியதும், வேறு கலவைகளில் பிறந்த நாய்களும் ஓல்ட் இங்கிலீஷ் புல்டாக் என்ற அதே பெயரில் பெருகின. கடைசியில் தன் வழியைப் பிரித்துக் காட்ட அவர் 'லெவிட் புல்டாக்' என்று தன் பெயரையே வைக்க வேண்டியதாயிற்று.